பட்டுத் தேறியவர்கள்

அடிபட்டு அடிபட்டுத்தான் மனுஷன் உரமேறுகிறான் என்று சொல்லுகிறோம். பெரும்பாலும் அடிபடாதவர்களே இதைச் சொல்லுகிறார்கள் என்பது என் சந்தேகம். மலேரியாவைப் பற்றிப் படிக்கப் படிக்க அது வலுத்துவிட்டது.

அம்மை ஒரு தடவை வந்து போனால் அநேகமாக மறுபடி வருவதில்லை. மலேரியா அப்படியல்ல. அந்தக் கிருமி ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொண்டு வேஷத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒரு வேஷத்தை அடையாளம் கண்டுகொள்வதற்குள் இன்னொன்று. கொசு மிகுந்த ஆப்பிரிக்கக் கிராமத்தில் பிறந்தவன், பிள்ளைப் பருவம் முழுவதும் காய்ச்சலில் விழுந்து விழுந்து எழுந்த பிறகே ஒருவிதமான தாங்கும் சக்தியைப் பெறுகிறான். அதுவும் அரைகுறைதான், கிருமி ரத்தத்தில் இருக்கும், ஆள் நடமாடிக்கொண்டிருப்பான். பிழைப்புக்காக ஐரோப்பாவில் சில வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பினால் அந்தச் சக்தி தேய்ந்து போயிருக்கும். சொந்த ஊர்க் கொசுவே அவனைப் படுக்கையில் தள்ளிவிடும்.

1950-ல் உகாண்டாவின் கம்பாலா நகரில் மலேரியா நிபுணர்கள் கூடினார்கள். டி.டி.டி. கைக்கு வந்துவிட்ட காலம். ஆனால் அடிக்கலாமா என்று வாதம் மூண்டது. கொசுவை ஒழித்தால் ஜனங்கள் பட்டுத் தேடிய சக்தி போய்விடும். நாளைக்கு மருந்தடிப்பது நின்றால் பெரியவர்களும் குழந்தைகளைப்போல் சாவார்கள் என்றார்கள் ஒரு சாரார். அபத்தமான பேச்சு என்று தள்ள முடியாது. மடகாஸ்கரின் மேட்டு நிலத்தில் 1980-களின் பிற்பகுதியில் அதுதான் நடந்தது. கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் நோய் திரும்பி வந்து, வயது பாராமல் ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று.

ஆனாலும் அந்த வாதத்தின் கணக்கு என்னை உறுத்துகிறது. சக்தி யாருக்குக் கிடைத்தது? பிழைத்த குழந்தைக்கு. விலை கொடுத்தது பிழைக்காத குழந்தை. இரண்டையும் சேர்த்து ‘ஜனங்களின் சக்தி’ என்று எழுதிவிட்டால் சவக்குழி கண்ணில் படாமல் போய்விடுகிறது. மலேரியாவால் சாகிறவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளே. ‘உன் ஊர் உரமேறுகிறது, அம்மா’ என்று அவர்களைப் பெற்றவளிடம் சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

நோய் எவ்வளவு வேரூன்றியிருந்தாலும் அதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்று கம்பாலாவில் முடிவாயிற்று. சரியான முடிவு; ஆனால் கடனோடு கூடிய முடிவு. கர்ணனின் கவசத்தைக் கழற்றி வாங்கிய இந்திரனாவது பதிலுக்கு ஓர் ஆயுதம் கொடுத்துவிட்டுப் போனான். கொசுவை ஒழிக்கப் புறப்பட்டவன் பாதியில் கிளம்பிவிட்டால் அந்த ஊருக்கு என்ன மிஞ்சும்?

2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் குழந்தைகளுக்கான முதல் மலேரியாத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. அதன் காப்பும் நாளாக நாளாகக் குறைகிறது. நான்கு தடவை போட வேண்டும். நான்காவது தடவைக்கும் மருந்துப் பெட்டி அந்தக் கிராமத்துக்கு வந்து சேர வேண்டும்.