துன்பத்தில் வாய் திறப்பது இழுக்கா?

வியாபாரம் என்றால் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. இது நம்மவர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியன்று. ஆனால், இறக்கம் வந்த காலத்தில் வியாபாரியின் உள்ளம் என்ன பாடுபடுகிறது, அதனை அவன் எவரிடம் சொல்லலாம், சொல்வது தகுமா என்பனவற்றை நாம் கூடியிருந்து பேசுவது அரிது. சரக்கைப் பற்றிப் பேசுவோம். வாடகையைப் பற்றிப் பேசுவோம். ஆள் கிடைக்காத குறையை மணிக்கணக்கில் பேசுவோம். கல்லாவின் பின்னே அமர்ந்திருப்பவனின் நெஞ்சைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அதனைக் குறித்தே இங்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நம் பிள்ளைகளில் சிலர் இன்று வாப்பாவின் கடையில் அமர்வதை விட்டு, 'ஸ்டார்ட்அப்' என்று சொல்லப்படும் புதுத் தொழில்களில் இறங்குகின்றனர். இத்தொழில்களின் போக்கே வேறு. இலாபம் காணச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பெரும்பாலும் பிறர் போட்ட முதலைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். உள்ளே கையைக் கடித்தாலும் வெளியே சிரித்த முகம் காட்டியாக வேண்டும். முகம் வாடினால் அடுத்த முதல் வராது. ஆகவே அவ்விளைஞனால் வேலையாட்களிடமும் சொல்ல முடிவதில்லை. முதல் போட்டவரிடமும் சொல்ல முடிவதில்லை. வீட்டிலே சொல்லவோ மனம் வருவதில்லை.

இத்தகையோருக்கென்றே மேல்நாடுகளில் மனோதத்துவ முறையில் ஆலோசனை கூறும் பயிற்சியாளர்கள் தோன்றியிருக்கின்றனர். தலைவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்து பேர் பெற்றவர் பில் கேம்பல் என்பவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராயிருந்து, பின்னர் வணிகத் துறைக்கு வந்து, 'ஆப்பிள்' நிறுவனத்து ஸ்டீவ் ஜாப்ஸ், 'கூகுள்' நிறுவனத்து எரிக் ஷ்மிட் ஆகியோருக்கு ஆலோசகராக விளங்கியவர். 2016ஆம் ஆண்டில் காலமானார். தமக்கெதற்குப் பயிற்சியாளர் என்று முதலில் முகம் சுளித்த ஷ்மிட், தாம் பெற்ற ஆலோசனைகளிலெல்லாம் சிறந்தது பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னதே என்று பின்னாளில் கூறினார். மைக்கேல் ஃப்ரீமேன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தொழில் தொடங்கிய 242 பேரை விசாரித்தபோது, நூற்றுக்கு 49 பேர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளானதாகத் தெரிவித்தனர். 242 பேரை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாதுதான். எனினும், சிரித்த முகங்களுக்குப் பின்னே எத்தனை பாரம் மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இதைக் கேட்டதும் நம் பெரியவர்களில் சிலர், "நமக்கு ஈமான் இல்லையா? சபூர் இல்லையா? இறைவன் தந்த சோதனையை மனிதனிடம் சொல்லிப் புலம்புவது அவனைக் குறித்தே முறையிடுவதாகாதா?" என்று கேட்பர். இக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிடுவதற்கில்லை. யூசுஃப் நபியைப் பிரிந்து வாடிய யஃகூப் நபியவர்கள், தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறியது திருமறையில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால், அதனை அடுத்தே அவர்கள் என்ன செய்தார்கள்? தம் மக்களை அழைத்து, போய் யூசுஃபைத் தேடி விசாரியுங்கள், இறையருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பணித்தார்கள். முறையீடு இறைவனிடம், முயற்சி மனிதர் மூலம். இவ்விரண்டுக்கும் பகையில்லை.

இன்னும் தெளிவான சான்று ஹிரா குகையிலே கிடைக்கிறது. கி.பி. 610ஆம் ஆண்டில் முதல் வஹீ இறங்கியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடல் நடுங்க இல்லம் திரும்பினார்கள், போர்த்துமாறு கேட்டார்கள், நடுக்கம் நீங்கியதும் நடந்ததை மறைக்கவில்லை. தமக்கு அச்சமாயிருக்கிறதென்று கதீஜா (ரலி) அம்மையாரிடம் வாய் திறந்தே சொன்னார்கள். அகில உலகுக்கும் வழிகாட்ட வந்தவர்களுக்கு அது இழுக்காகவில்லை என்றால், ஒரு கடைக்கு முதலாளியானவருக்கு எப்படி இழுக்காகும்?

கதீஜா அம்மையார் கூறிய ஆறுதலைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர்களும் பெரும் வணிகர். ஏற்ற இறக்கம் அறிந்தவர். "எல்லாம் வெற்றியாய் முடியும்" என்று அவர்கள் சொல்லவில்லை. உறவைப் பேணுகிறீர்கள், எளியோர் பாரத்தைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், ஆகவே இறைவன் உங்களை இழிவுபடுத்த மாட்டான் என்ற கருத்திலேயே பேசினார்கள். அதாவது, வரப்போகும் பலனை வாக்களிக்கவில்லை. இருக்கின்ற குணத்தை நினைவூட்டினார்கள். இடர்ப்பட்டவன் முதலில் மறப்பது தன் நற்குணத்தைத்தான். கணக்கில் நஷ்டம் கண்டதும், தானே ஒரு நஷ்டம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறான்.

அம்மையார் அத்தோடு நிற்கவில்லை. முந்தைய வேதங்களைக் கற்றறிந்த, பார்வை இழந்த முதியவரான தம் உறவினர் வரகாவிடம் நாயகத்தை அழைத்துச் சென்றார்கள். அவர் வந்திருப்பது இறைத்தூதே என்று உறுதி கூறியதுடன், ஊரார் உம்மை வெளியேற்றுவார்கள் என்ற கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொன்னார். முதலில் குணம் அறிந்தவரின் ஆறுதல். பின்னர் விஷயம் அறிந்தவரின் உண்மை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆலோசனை. கட்டணம் வாங்கிக்கொண்டு "உம்மால் முடியும்" என்று ஊதிவிடுகிறவரும், ஆறுதல் ஏதுமின்றிக் கணக்கை மட்டும் குத்திக் காட்டுகிறவரும் பாதி ஆலோசகர்களே.

நஷ்டம் வேறு, மோசடி வேறு என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் சேரும் முளாரபா முறையில், உழைத்தவரிடம் கவனக்குறைவோ நம்பிக்கை மீறலோ இல்லாதபோது, முதலில் ஏற்படும் நஷ்டம் முதல் போட்டவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். நஷ்டமடைவதையே நம் மார்க்கம் குற்றமாக்கவில்லை. கடனில் மூழ்கியோரை ஸக்காத்துப் பெறத்தக்க எட்டு வகையினருள் ஒரு வகையாக வைத்திருக்கிறது. கடன் கொடுத்தவர், கஷ்டப்படுகிறவனுக்கு வசதி வரும்வரை தவணை தர வேண்டுமென்கிறது. குற்றமாவது, உண்மையை மறைப்பது. ஆனால், நம் சமூகமோ நஷ்டப்பட்டவனை ஏளனமாய்ப் பார்த்து, மறைக்கும்படி அவனைத் தூண்டுகிறது. இப்பாவத்தில் நமக்குப் பங்கில்லையா?

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடும், சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கடும் முடக்கமும் இருந்தன. எத்தனையோ கடைகளின் கதவுகள் மூடப்பட்டன. அந்நாளில் நஷ்டம் எல்லார்க்கும் பொதுவாயிருந்தபடியால் பேசவும் எளிதாயிருந்தது. ஒருவனுக்கு மட்டும் நஷ்டம் வரும் நாளிலேதான் வாய் அடைக்கிறது. வாய் அடைத்தவன் என்ன செய்வான்? ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்குவான், 'ஆலோங்' எனப்படும் வட்டிக்காரரின் வாசலில் நிற்பான், கூட்டாளியின் பணத்தைத் தொடுவான், உறக்கத்தை இழப்பான், ஈற்றில் உயிரையும் பாரமாக எண்ணக் கூடும். தற்கொலை ஹராம் என்று எடுத்துரைப்பது நம் கடமை. அதனோடு கடமை முடிந்துவிடாது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவைச் சிங்கப்பூர் 2020ஆம் ஆண்டிலும் மலேசியா 2023ஆம் ஆண்டிலும் நீக்கிவிட்டன. தண்டிக்காமல் கைகொடுக்க வேண்டுமென்று சட்டமே உணர்ந்தபின், நாம் இன்னும் நாவினால் தண்டிக்கலாமா?

எனவே நம் சகோதரர்களுக்குச் சில யோசனைகள். இடரில் இருப்பவர், நிலைமை முற்றுமுன், நம்பத்தகுந்த ஒருவரிடமாவது முழுக் கணக்கையும் திறந்து காட்ட வேண்டும். பாதிக் கணக்கைக் காட்டினால் பாதி ஆலோசனைதான் கிடைக்கும். கடன் கொடுத்தவரை அவர் தேடி வருமுன் தாமே சென்று காண்பது நலம். கேட்பவரோ, முதலில் முழுவதும் கேட்க வேண்டும். "அன்றே சொன்னேனே" என்ற சொல்லை விழுங்கிவிட வேண்டும். ஆலோசனை கேட்கப்படுகிறவர் நம்பிக்கைக்குரியவர் என்பது நபிமொழியின் கருத்து. ஆதலின் கேட்டதை அடுத்த கடைக்குக் கொண்டுபோவது அமானத்தை முறிப்பதாகும். தொழிலை மூடுவதே நல்லதென்றால் அதையும் அன்போடு சொல்லிவிட வேண்டும். உறக்கமும் உணவும் அற்று, வாழ்வே வேண்டாமென்று பேசுகிறவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணில் எஸ்.ஓ.எஸ். அமைப்பும், கோலாலம்பூரில் 03-76272929 என்ற எண்ணில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பும் இரவும் பகலும் செவிசாய்க்கின்றன.

நம்மவர் ஒரே சஹனில் நால்வராய் அமர்ந்து உண்ணும் வழக்கமுடையோர். சோற்றைப் பங்கிடத் தெரிந்த நமக்குச் சோகத்தைப் பங்கிட மட்டும் ஏன் கூச்சம்? ஜும்ஆ முடிந்து கைகொடுக்கும்போது, "வியாபாரம் எப்படி?" என்று கேட்டுவிட்டு நடந்துவிடாமல், ஒரு கணம் நின்று, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்போமாக. கேட்டபின் பதிலுக்கும் காத்திருப்போமாக.

வல்ல நாயன் நம் அனைவரின் தொழிலிலும் பரக்கத்தையும், உள்ளத்தில் அமைதியையும், ஒருவர் இரகசியத்தை மற்றவர் காக்கும் பண்பையும் அருள்வானாக! ஆமீன்.