இருட்டில் இருப்பவன் முகம்

கோல சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் கூடுகின்றன. ஆண் பூச்சிகள் விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை ஒன்றுபோல் மின்னிப் பெண் பூச்சிகளை அழைக்கின்றன. அங்கே துடுப்புப் படகில் ஏறுவோர் பிளாஷ் ஒளி பாய்ச்சிப் படம் எடுக்கலாகாது என்பது கட்டளை. கட்டளை நியாயமானதே. நமது வெளிச்சம் அவற்றின் பேச்சைக் குலைக்கும். அன்றியும், அவ்வாறு எடுத்த படத்தில் இலைகள் விழுமேயன்றி மின்மினி விழாது. ஆடும் படகில் மூச்சை அடக்கி, கேமராவைக் கையிலேயே பிடித்து, கிடைத்த ஒளியில் எடுப்பவன் பூச்சிக்குத் தீங்கிழைத்தவன் ஆகான்.

இவ்விதியைப் பழைய திரையரங்குகளுக்கும் அப்படியே பொருத்திவிடலாமென்று பலர் எண்ணுகின்றனர். கோலாலம்பூரில் 1920களில் எழுந்து, தமிழ்ப் படங்களும் ஓடிய கொலிசியம் போன்றதோர் அரங்கினுள் படமெடுக்க விரும்புபவர், லென்ஸின் கண்ணை முழுதும் திறந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் அசையாதிருந்தால் போதும். மணல் தூவினாற்போன்றதொரு படம் கிடைத்துவிடும். பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. ஒருவருக்கும் தொந்தரவில்லை, ஆகவே தீங்குமில்லை என்பது அவர்கள் வாதம்.

நாம் இதை ஒப்பவில்லை. பூச்சிக்குத் தன் உருவம் எங்கே போகிறதென்ற கவலை கிடையாது. மனிதனுக்கு உண்டு.

1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஒளித்தூள் வந்தபின், அரங்கினுள் படமெடுப்பது பெரிய ஆர்ப்பாட்டமாயிருந்தது. பளிச்சென்ற ஒளி, புகை, நெருப்புப் பயம். ஆனால், தன்னைப் படமெடுக்கிறார்கள் என்பது எடுக்கப்படுபவனுக்குத் தெரிந்தது. 1924இல் டிரெஸ்டன் நகரத்து எர்னமான் கம்பெனியார் எர்மனாக்ஸ் என்னும் சிறு கேமராவைக் கொண்டுவந்ததும் அந்த ஒரு நன்மையும் போயிற்று. எரிக் சாலமன் என்பவர் அதனை மறைத்து வைத்து, 1928இல் பெர்லின் நீதிமன்ற விசாரணையொன்றைப் பிடித்தார். மந்திரிகள் மாநாட்டில் தூங்கி வழிவதையும் உலகம் அவர் படங்களில் கண்டது. (அந்தச் சாலமனை, யூதர் என்பதற்காகவே 1944இல் ஆஷ்விட்ஸில் மாய்த்தார்கள்.) ஆளுகிறவனை அவனறியாமல் காட்டுவது பொதுநன்மை என்று வாதிக்க இடமுண்டு. குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்கும் அவ்வாதம் செல்லுமா?

நம்மவர்க்கு இதில் அனுபவம் உண்டு. ரப்பர் செழித்த காலத்தில், பால்மரம் வெட்டியவர்களின் உருவங்கள் தமிழ்க் கூலி என்ற தலைப்போடு தபால் அட்டைகளாக விற்பனையாயின. அவர்கள் பெயரை அச்சிட வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. அவையெல்லாம் பட்டப்பகலில் எடுத்தவை. வெளிச்சத்துக்கு ஒரு குறையுமில்லை!

மேடையில் நிற்கும் நடிகன் தன் முகத்தைப் பார்வைக்கென்றே கொடுத்தவன். அவனை எடுப்பதில் ஆட்சேபம் சிறிது. இருக்கையில் இருப்பவன் அப்படியல்லன். துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் கண்ணீர் காட்டாத தோட்டத் தொழிலாளி, திரையில் ஒரு தாய் மாயும்போது இருட்டை நம்பி அழுதான். அந்த இருட்டும் அவன் கொடுத்த சீட்டுக் காசில் சேர்ந்ததே. கங்காணியும் துரையும் போயினர். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தோ புக்கிட் ரோத்தானிலிருந்தோ வந்து படம் பார்க்கும் அவன் பேரனுக்கும் அவ்வுரிமை இருக்கிறது. ஒளியெல்லாம் அறிவு, இருளெல்லாம் அறியாமை என்று எழுதிப் பழகிய சீர்திருத்தக்காரருக்கு இருட்டின் பக்கம் நின்று வழக்காடுவது சற்றுக் கூச்சந்தான், என் செய்வது!

நிற்க. பழைய அரங்குகள் ஒவ்வொன்றாய் மறைந்து வருகையில், சுவரையும் விதானத்தையும் மட்டும் படமெடுத்து வைத்தால் சரித்திரமாகுமா, அங்கே அமர்ந்திருந்த ஏழை மக்கள் வேண்டாமா என்று கேட்பாருண்டு. இக்கேள்வியை அலட்சியம் செய்ய நம்மால் இயலாது. கட்டியவன் பெயர் கல்லில் நிற்க, காசு கொடுத்து நிறைத்தவன் சுவடின்றிப் போவது அநீதியே. இடைவேளையில் விளக்கு எரியும்போது அவனிடம் போய்க் கேட்கலாம். பெயரையும் தோட்டத்தையும் எழுதிக்கொண்டு, அவன் சட்டையைச் சரிசெய்துகொள்ளும் வரை காத்திருந்து எடுக்கலாம். அழுத முகம் அப்படத்தில் இராது; அந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்கிறோம்.