விரிப்புக்குள் இருக்கும் பால்

இரண்டாம் உலக யுத்தகாலத்து உருமறைப்பு உடுப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பிரித்தானிய பாரசூட் படையின் டெனிசன் மேலங்கி அவர்களுக்குப் புதையல். முதலில் வந்தவற்றில் பச்சையையும் கபிலத்தையும் தூரிகை பிடித்துக் கையாலேயே பூசினார்கள்.

இலங்கையின் கேகாலை மாவட்டத்துக் கரவனெல்லயில் வளர்ந்த தமிழருக்கு இந்த ஆசை இலகுவில் வராது. இங்கே யுத்தம் நடந்த காலத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை போட்ட காற்சட்டையைக் கடையில் கண்டாலே அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். "அதைப் போட்டுக்கிட்டு செக்பொயின்ட்ல நின்னா என்னடா சொல்லுவ?" ஆமி உடுப்பு ஒரு பக்கம், புலிகளின் வரி உடுப்பு மறுபக்கம். தோட்ட லயத்துப் பிள்ளைக்கு இரண்டாலும் ஆபத்து. அம்மாவின் பயம் நியாயமானது.

ஆனாலும் ஒரு தையலையும் பித்தளைக் கொளுக்கியையும் மணிக்கணக்காகப் பார்க்கிறவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த அக்கறை இன்னும் கொஞ்சம் உள்ளே போகவேண்டும் என்பதே என் ஆசை.

சிப்பாய் தரையில் விரித்துப் படுத்த, மழைக்குப் போர்த்திக்கொண்ட விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் இறப்பர் பூசியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா இறப்பர் ஜப்பானியர் கைக்குப் போனது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் நாடு இலங்கைதான். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று, ஆறவிட வேண்டிய பட்டையிலும் வெட்டுப் போட வைத்தார்கள். கேகாலை அன்றும் இன்றும் இறப்பர் மாவட்டம்.

இறப்பர் பால் வெட்டு லேசான வேலையல்ல. விடியுமுன் எழும்ப வேண்டும். பழைய வெட்டை ஒட்டி, வளைந்த கத்தியால் நூல்போல ஒரு சீவல் எடுக்க வேண்டும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. அந்த அளவு பழகிய கைக்குத்தான் தெரியும். எந்த விரிப்பில் எந்தத் தோட்டத்துப் பால் என்று இன்று பிரித்தறிய முடியாது. ஆனால் அந்தக் கைகள் அதில் இருக்கின்றன.

இங்கிருந்து மேலே போனால் கித்துல்கல. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை அங்கேதான் எடுத்தார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைதான் அந்தப் படத்தின் களம். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். படம் சொன்னது வெள்ளைக்காரக் கைதிகளின் கதையை. நம் ஆட்களின் கதைக்கு அதில் இடமில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

விரிப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறவர் பக்கத்தில் ஒரு பால்வெட்டுக் கத்தியையும் பால் ஏந்தும் சிரட்டையையும் வைக்கட்டும். தேய்ந்த கத்திகள் எங்கள் லயங்களின் கூரை இடுக்கில் இன்னும் கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்குகிறவர் நிறுத்து எடுத்துப் போகிறார். அவருக்கு முந்தி நாம் கேட்டு வாங்கலாம். யார் பிடித்த கத்தி, எந்த மலையில் வெட்டியது என்று ஒரு துண்டில் எழுதி அதன் பிடியில் கட்டியும் வைக்கலாம்.