கருங்காலி என்று யாரைச் சொல்வது?

இப்போதெல்லாம் கருங்காலி என்றால் கழுத்தில் போடும் மாலைதான் ஞாபகம் வருகிறது. தொழிற்சங்கத் தமிழில் அது வசைச்சொல். மற்றவர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது உள்ளே போய் வேலை செய்கிறவன் கருங்காலி. பிரிட்டனின் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் நான் இந்தச் சொல்லில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

1984 மார்ச்சில் யார்க்‌ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கம் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. தொடர்ந்து 20 சுரங்கங்கள், 20,000 வேலைகள் என்று நிலக்கரி வாரியம் கணக்குச் சொன்னது. வேலைநிறுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பரவியது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தவில்லை. நாட்டிங்ஹாம்ஷயர் வட்டாரம் தனியாக நடத்தியது. நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகள் அங்கே உண்டு.

'எங்களைக் கேட்கவே இல்லையே' என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்தான். ஒருவனை வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் இருக்கச் சொல்கிறீர்கள் என்றால், முதலில் அவனைக் கேட்க வேண்டும். கேட்காமல் வாங்கும் தோழமைக்கு உத்தரவு என்றுதான் பெயர். ஸ்கார்கில் வாக்கெடுப்பு வைத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் 1977-ஐயும் பார்க்க வேண்டும். உற்பத்திக்கு ஏற்ற ஊக்கத்தொகைத் திட்டம் தேசிய வாக்கெடுப்புக்கு வந்தது, தொழிலாளர்கள் நிராகரித்தார்கள். நிலக்கரிப் படுகை நன்றாக அமைந்த வட்டாரத்துக்குக் காசு அதிகம், மோசமான படுகையில் உழைப்பவனுக்குக் குறைவு, ஒரே சங்கத்துக்குள் இரண்டு சம்பளம் வந்துவிடும் என்ற பயம். நாட்டிங்ஹாம்ஷயர் உள்ளிட்ட சில வட்டாரங்கள் அந்த முடிவைத் தாண்டி, திட்டத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டன. வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தடுக்கவில்லை. வாக்குப்பெட்டியின் புனிதம் ஏழு வருஷம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது போல.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. அந்த ஓட்டில் 'நான் வேலைநிறுத்தம் செய்யலாமா' என்று கேட்டார்கள். அதற்கு 'வேண்டாம்' சொல்ல ஒருவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அடுத்த ஊர்க்காரனின் சுரங்கம் மூடப்படும்போது பேசாமல் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கலாமா என்பது வேறு கேள்வி. பாதுகாப்பான இடத்தில் இருக்கிறவர்கள் ஒன்றுகூடி ஓட்டுப் போட்டு அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. பெரும்பான்மை ஒரு முடிவைச் செல்லுபடியாக்கும், சரி. அதற்காக அந்த முடிவில் கைதூக்கியவனின் பொறுப்பு கரைந்துபோய்விடுமா என்ன?

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. வேலைக்குப் போனவர்கள் பிரிந்து ஜனநாயகச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் என்று தனிச் சங்கம் கண்டார்கள். 1992 அக்டோபரில் அரசு 31 சுரங்கங்களை மூடுவதாக அறிவித்தபோது அந்தப் பட்டியலில் நாட்டிங்ஹாம்ஷயரும் இருந்தது. புதிய சங்கத்தின் தலைவர் ராய் லிங்க், சில்வர்ஹில் சுரங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்.

'நல்லா வேணும்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவர்களுடைய சுரங்கங்கள் கடைசிவரை மூடப்படாமலே இருந்திருந்தாலும், 1984-இன் கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும்.

நாட்டிங்ஹாம்ஷயரின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது. யார்க்‌ஷயரின் கெல்லிங்லி அதே ஆண்டு டிசம்பரில்.