உயிரணுவின் மறைப்பும் வினைக்கொள்கையும்

உடம்பு மாயையின் காரியம், சடம், வினைக்கேற்ப உயிர்க்கு இறைவனாற் கூட்டப்படுவது. இது சைவ சித்தாந்திகள் யாவர்க்கும் ஒப்ப முடிந்த துணிபாம். அவ்வுடம்பின் நுண்கூறாகிய உயிரணுவினுள்ளே நிகழ்வனவற்றை உயிர்நூலார் இற்றைநாளிற் பெரிதும் விளங்கக் கண்டுள்ளனர். அவர் கண்டவற்றுள் ஒன்று வினைக்கொள்கையொடு முரணுவதுபோலத் தோன்றுதலின், அஃது ஈண்டு ஆராயப்படும்.

மக்களுடம்பின் ஓர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபிழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைப்பின் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அவற்றைத் தன்னுள் அடக்கிய உட்கருவோ மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்களவே குறுக்களவுடையது. இத்துணை நீளம் அத்துணைச் சிற்றிடத்து அடங்குமாறு, ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு ஒன்றுகூடிய சிற்றுருளைகளை இழையானது சுற்றிச் சுற்றிச் செல்கின்றது. ஓருருளையைச் சுற்றும் இழையில் 147 இணைகள் உள. இவ்வமைப்பை 1974-ஆம் ஆண்டில் ரோஜர் கார்ன்பெர்க் என்பார் எடுத்துரைத்தார். 1997-இல் அதன் வடிவம் எக்ஸ் கதிர்களின் துணையால் நுணுகிக் காணப்பட்டது.

இச்சுருட்டல் இடச் சிறுமை நோக்கி அமைந்தது மட்டுமன்று. இறுகச் சுற்றிய பகுதியிலுள்ள மரபணுவை அதனைப் படித்தற்குரிய புரதங்கள் எளிதில் அணுகமாட்டா. நெகிழ்ந்த பகுதியிலுள்ளது படிக்கப்பட்டுத் தொழிற்படும். ஹிஸ்டோனின் வாற்பகுதியில் அசிட்டைல் ஏறின் கட்டு நெகிழும், டி.என்.ஏ.யின்மீது மெத்தில் படியின் அவ்விடத்து மரபணு பெரும்பாலும் அடங்கும். கண்ணின் அணுவிலும் ஈரலின் அணுவிலும் ஏடு ஒன்றே; திறந்துள்ள பக்கங்களே வேறு. எல்லாப் பக்கங்களும் ஒருங்கு திறந்திருப்பின் கண்ணும் அமையாது, ஈரலும் அமையாது.

மறைப்பும் பயனுடைத்து என இது கேட்ட அளவிலே, சைவ அன்பர்க்குத் திரோதானம் நினைவில் எழுதல் இயல்பே. உவமையாகக் கொள்ளின் குற்றமின்று. அதுவே திரோதானம் எனின் பெரும் பிழையாம். என்னை? திரோதானம் சிவசத்தி, அறிவே உருவாயது, உயிரின் மலபரிபாகம் நோக்கி நின்று மறைப்பது. ஹிஸ்டோனும் மெத்திலும் தம்மையும் அறியா, பிறவற்றையும் அறியா. விஞ்ஞானத்தில் ஒரு புதுச்சொல் பிறக்குந்தோறும் அது நம் நூல்களில் முன்னமே உளது என்று முழங்குதல் சமயத்திற்குப் பெருமை தருவதன்று.

இனி, முரணென மேலே கூறியதற்கு வருவாம் எனின், அது நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்ததொரு கொடும்பஞ்சத்தைப் பற்றியது. 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதற்கு மாறாக, நாட்டைப் பற்றியிருந்த ஜெர்மானிய ஆட்சியினர் மேற்குப் பகுதிகட்கு உணவு செல்லாது தடுத்தனர். பின்னர்த் தடை ஒருவாறு தளர்ந்தபோது கால்வாய்கள் பனியால் உறைந்துவிட்டன. நவம்பர் இறுதியில் ஆளொருவர்க்கு நாளொன்றின் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழிறங்கிப் பின்னும் குறைந்தது. பல்லாயிரவர் மாண்டனர். அக்காலத்திற் கருவுற்றுப் பிறந்தோரை அறுபதாண்டு கழித்து ஆராய்ந்து, 2008-இல் ஒரு முடிபு வெளியிடப்பட்டது: பஞ்சம் படாத தம் உடன்பிறந்தாரினும் அவர்க்கு, வளர்ச்சிக்குரிய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவின்மீது மெத்தில் குறைந்திருந்தது. கருப்பத்தின் இறுதித் திங்கள்களில் மட்டும் பஞ்சமுற்றவரிடத்து அவ்வேறுபாடு காணப்படவில்லை.

அற்றேல், பசித்தவள் தாய்; பசியை விளைத்தோர் படையாளர்; சுவடு தாங்கியது ஒன்றுஞ் செய்யாத கரு. ஒருவர் வினை மற்றொருவர்மேற் சென்றதன்றோ எனின், அஃதன்று. வினையின் பயன் பிறப்பு, ஆயுள், போகம் என மூன்றாய் வரும். இன்ன தாய் வயிற்றில், இன்ன காலத்தில், இன்ன உடம்பொடு கூடுதல் அவ்வுயிரின் வினைப்பயனுள் அடங்கும். சென்றது உடற்சுவடேயன்றி வினையன்று. உயிர்நூல் அச்சுவடு எவ்வாறு வந்ததென உரைக்கும். எவ்வுயிர்க்கு ஏன் வந்ததென்பது அதன் வினாவே அன்று. ஆதலின் அவ்வாராய்ச்சி வினைக்கொள்கையை அழித்ததும் இல்லை, நிறுவியதும் இல்லை.

இதனினும் கடியதொரு வினா உண்டு. துன்புற்றது அக்கருவின் பிராரத்தமாயின், உணவைத் தடுத்தவர் அதனை ஊட்டிய வெறுங் கருவியரே, அவர்மேற் குற்றம் யாது என்பது. நல்லவரும் இவ்விடத்து இடறுவர். பஞ்சத்தில் வாடுவாரை நோக்கி அவர் வினை என்று கூறி வாளாவிருப்பாரும் இதனையே பற்றுக்கோடாக்குவர். உணவைத் தடுத்தவர் இச்சையும் அறிவும் செயலும் உடையர். பிறர் மெலிய வேண்டுமென்றே தடுத்தனர். ஒருவர்க்குப் பிராரத்தமாய் முடிந்த அச்செயலே, செய்தார்க்கு ஆகாமியமாய் ஏறும். இரண்டும் ஒரு நிகழ்ச்சியின்கண் நிற்பினும் ஒன்று மற்றொன்றைக் கழிக்கமாட்டாது. வாளாவிருந்தார்க்கும் அவ்வாறே, கையிற் பொருளிருந்தும் ஈயாமை ஒரு செயலேயாம். மேலும், இன்னார்க்கு இத்துணைத் துன்பமே பிராரத்தமென வரையறுத்தறியும் அறிவு இறைவற்கன்றிப் பிறர்க்கில்லை.

1945 மே திங்களில் அந்நாடு விடுதலையுற்றது. ஜூன் மாதத்திற் பங்கீடு 2000 கலோரியைக் கடந்தது. குளிர்காலத்திற் கருவுற்ற மகளிர் பலர் எஞ்சிய திங்கள்களில் நிரம்ப உண்டு பிள்ளை பெற்றனர். பசி அக்கருக்களின் வினைப்பயனாயின் அவ்வுணவும் வினைப்பயனே. முன்னதை வினையென்று விட்டுவிட்டுப் பின்னதை வினைக்கு இடையூறென்று விலக்குதற்குச் சித்தாந்த நூல்களில் இடமில்லை.