அசையாத காலும் உடம்புதானா?

மனித உடலின் அசைவை எலும்பு, மூட்டு, தசை, நரம்பு எனப் பிரித்து ஆராயும் துறை கைனீசியாலஜி. இந்தியாவில் இளநிலை மாணவர்கள் இதைத் தனிப் பட்டமாகப் படிப்பது அரிது. பிசியோதெரபி அல்லது உடற்கல்விப் படிப்புக்குள் ஒரு பாடமாகவே படிக்கிறார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் ஸ்விம்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) சேரும் சித்தூர், திருப்பதி மாணவர்களுக்கும் அப்படித்தான். பாடநூலில் உடம்பு நெம்புகோல்களின் தொகுதி: எலும்பு கோல், மூட்டு சுழலும் இடம், தசை விசை. 1680-களில் இத்தாலியரான பொரெல்லியின் நூல் வலுவாக முன்வைத்த பார்வை இது. இதில் அசைவு முழுவதும் விளங்கிவிடுகிறது. அசைப்பவர் மட்டும் எங்குமே வருவதில்லை. அப்படி ஒருவர் தேவையே இல்லையா, கணக்கில் விடுபட்டுப்போனாரா? இதற்கு மிக நுட்பமான விடைகளுள் ஒன்றைத் தந்த ராமானுசர், திருப்பதி அடிவாரத்தில் தம் மாமா திருமலை நம்பியிடம் ஓராண்டு ராமாயணப் பொருள் கேட்டவர் என்கிறது வைணவ மரபு.

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3,550 படிகள். அவற்றில் செங்குத்தான ஏற்றம் மோகாள்ள மெட்டு. மலையே சாளக்கிராமம் என்பதால் காலால் மிதிக்கத் தயங்கிய ராமானுசர் முழங்காலால் ஊர்ந்து ஏறினார் என்பது ஐதீகம். கைனீசியாலஜி மாணவருக்கு அங்கே தெரிவது வேறு. மேல்படியில் காலை ஊன்றி உடலைத் தூக்கும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி முழங்காலை நீட்டுகிறது. மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். பக்தரின் தொடைக்கும் சுமைதூக்குபவரின் தொடைக்கும் இந்தக் கணக்கு ஒன்றே.

அசைவுக்கு இடமாக இருப்பதே உடம்பு என்ற எண்ணம் நியாய தரிசனத்திலும் உண்டு. செயல், புலன்கள், இன்பதுன்ப நுகர்வு ஆகியவற்றுக்கு இருப்பிடமானது சரீரம் என்பது அதன் இலக்கணம். ராமானுசர் தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இதை ஏற்கவில்லை. கல்லாய்க் கிடந்த அகலிகையின் உடலில் புலன்கள் எங்கே இருந்தன என்று கேட்கிறார். ஓர் உயிர் தன் பொருட்டு எதை முழுமையாகத் தாங்கவும் நடத்தவும் வல்லதோ, எது அந்த உயிருக்கே உரியதாக இருக்கிறதோ, அது அதன் சரீரம் என்பது அவர் தரும் இலக்கணம். உலகம் முழுவதும் இறைவனின் உடம்பு என்று நிறுவுவதற்காகச் செய்த வரையறைதான் இது. ஆனாலும் பிசியோதெரபி வார்டுக்கும் வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது.

பக்கவாதத்தில் விழுந்த கால் நடத்த முயன்றாலும் நடக்காதே, அப்போது அது உடம்பில்லையா? இந்த ஆட்சேபத்தை ராமானுசரே எழுப்பி விடையும் சொல்கிறார்: நடத்தும் ஆற்றல் இருக்கிறது, தடைபட்டிருக்கிறது, தடை வந்தால் நெருப்பின் சூடும் புலப்படாது. தசை வலுவை 0 முதல் 5 வரை அளக்கும் மாணவர் இதை விரல்நுனியில் உணரலாம். நோயாளியை முழங்காலை நீட்டச் சொல்லிவிட்டு, முழங்கால் சில்லுக்கு மேலே விரலை வைத்துக் காத்திருக்கிறார். கால் அசையவில்லை, ஆனால் விரலுக்கடியில் ஒரு சிறு துடிப்பு. தாளில் 1 என்று குறிக்கிறார். தடைபட்ட ஆற்றல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சிக்கல் 0-வில்தான். தண்டுவடம் முழுதாக அறுந்தவரிடம் ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்பதை எந்தச் சோதனையும் மெய்ப்பிக்காது, பொய்ப்பிக்கவும் செய்யாது. அங்கே ராமானுசரின் வாதம் தளர்கிறது என்றே சொல்ல வேண்டும். வரையறையின் இன்னொரு கூறான தாங்குதல்தான் அதைக் காப்பாற்றுகிறது. உயிர் பிரிந்த கணத்திலிருந்து உடல் அழியத் தொடங்குகிறது என்கிறார் அவர். அசையாத காலோ அழுகுவதில்லை, அதில் பட்ட புண்ணும் மெதுவாகவேனும் ஆறுகிறது. அதைத் தாங்குவது ரத்த ஓட்டம், ஆன்மா எதற்கு என்று பொருள்முதல்வாதி கேட்பார். நியாயமான கேள்வி. ராமானுசர் ஆன்மாவை நிறுவுவது இங்கே அல்ல, ‘நான்’ என்ற உணர்வை வைத்து.

மூன்றாவது கூறு, உயிருக்கே உரியதாக இருத்தல், இன்னும் வலுவானது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்குத் தசைநாண் மாற்று அறுவைகளைச் செய்து புகழ்பெற்றார். பாதம் தொங்கிப்போனவருக்கு, பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசையின் நாணை முன்னால் கொண்டுவந்து தைப்பது இவ்வகை அறுவைகளில் ஒன்று. தொடக்கத்தில் நோயாளி ‘உள்ளே திருப்பு’ என்று நினைத்தால்தான் பாதம் மேலே எழும். பயிற்சி முடிந்தபின் அந்த நினைப்பே வேண்டாம், நடந்தால் போதும். தசை பழையதுதான், இழுக்கும் திசை மட்டும் மாறிவிட்டது. நெம்புகோல் கணக்கு திசையைச் சொல்லும்; யாருடைய நடைக்காக என்பது அதன் வேலையல்ல.

சரி, அசைவைத் தொடங்குவது யார்? 1983-ல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையில், கையை அசைக்க விரும்பியதை ஒருவர் உணர்வதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு விநாடி முன்பே மூளையில் மின் அலை எழுந்தது. தொடங்குவது மூளை, தடுக்கும் உரிமை மட்டும் மனிதருக்கு என்றார் லிபெட். ராமானுசரிடம் வரிசை வேறு: முதல் முயற்சி ஜீவனுடையது, அதைப் பார்த்து உள்ளிருக்கும் இறைவன் அனுமதி தந்து நடத்துகிறான். 2012-ல் வந்த ஆய்வு ஒன்று, லிபெட் கண்ட அலை முடிவெடுத்ததன் அடையாளம் அல்ல, மூளைச் செயல்பாட்டின் வழக்கமான ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்றது. அதன்படி பார்த்தால், அந்தச் சோதனையைக் காட்டி ஜீவனின் முதல் முயற்சியை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது.