பட்டியல் சரிதமாகுமா?

பினாங்கில் பிறந்த பி. ரம்லிக்கு 1950ஆம் ஆண்டில் ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தில் முதன்முதலாகக் கதாநாயக வேடத்தை நம்பி அளித்த டைரக்டர், எல். கிருஷ்ணன் என்ற தமிழர். படத்தின் பெயர்கூட நம் செவிக்கு அந்நியமானதன்று. நடிகரைக் கிருஷ்ணன் எவ்வாறு பழக்கினார், எந்தக் காட்சியில் அவருடைய கைவண்ணம் தெரிகிறது, அதைக் கண்டு சொன்னவர் யார் என்பனவற்றையே அவரது சரிதத்தில் நான் முதலில் தேடுவேன். அச்சரிதத்தைக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் புகுந்தவர், படங்களையும் ஆண்டுகளையும் அடுக்கி, சான்றேதுமின்றி ‘ஒப்பற்ற மேதை’ என்றொரு விசேஷணத்தையும் சேர்த்து முடித்துவிட்டால், பினாங்கின் பாயான் லெப்பாஸில் அப்பக்கத்தைப் புரட்டும் மாணவி, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் ஷா சகோதரர்களின் மூலதனமும் இந்திய டைரக்டர்களின் அனுபவமும் மலாய் நடிகர்களின் திறமையும் கலந்து ஒரு புதிய கலை உருவான விந்தையை எங்ஙனம் அறிவாள்?